இரண்டு ஆசிரியர், மூன்று துறை, ஐந்து வகுப்பு

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் ஏன் காலியாகின்றன? யார் அவற்றை நடத்துகிறார்கள்? சிறப்புக் கட்டுரை

காலை எட்டு மணி. ஓட்டுக் கட்டடத்தை ஒட்டிய சமையல் கூடத்தில் மகளிர் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ரவை உப்புமாவை இறக்கி வைத்துவிட்டு சாம்பாருக்குத் தாளிக்கிறார்கள். தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருபதுக்குச் சற்று மேல். தலைமையாசிரியை வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஒரு கையில் சாவிக்கொத்தும் மறுகையில் கைபேசியுமாக வருகிறார். பள்ளியின் இன்னொரு ஆசிரியருக்கு இன்று குறுவள மையத்தில் பயிற்சி. ஆகவே ஒன்று முதல் ஐந்து வரை அத்தனை வகுப்பும் இன்று தலைமையாசிரியை ஒருவர் பொறுப்பு. வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். நெட்வொர்க் கிடைக்கும் இடம் தேடி வாசலுக்குப் போகிறார்.

அதே நேரம் ஊர் முனையில் மஞ்சள் நிற வேன் வந்து நிற்கிறது. டை கட்டி, ஷூ போட்ட பிள்ளைகள் ஏறுகிறார்கள். உப்புமா சாப்பிடுகிறவர்களும் வேனில் ஏறுகிறவர்களும் ஒரே தெருப் பிள்ளைகள். சிலர் அண்ணன் தம்பி மக்கள். வேன் இன்னும் நாலைந்து ஊர் சுற்றித்தான் நகரத்துப் பள்ளிக்குப் போகும். ஒன்றியப் பள்ளியோ வீட்டுக்கு எதிரே இருக்கிறது.

தமிழ்நாட்டின் எந்த ஒன்றியத்துக்குப் போனாலும் இந்தக் காலைப் பொழுதைக் காணலாம். இந்தப் பள்ளிகளில் சிலவற்றின் கதவு இப்போது திறப்பதே இல்லை.

208 பள்ளிகள்

2025 ஆகஸ்டில் ஒரு கணக்கு வெளியாகி மாநிலம் முழுவதும் பேச்சானது. ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகள் தமிழ்நாட்டில் 1,204. அதில் 869 சுயநிதிப் பள்ளிகள், 208 அரசுப் பள்ளிகள். மீதியில் பெரும்பாலானவை அரசு உதவி பெறுபவை. எதிர்க்கட்சிகள் அரசுப் பள்ளிகளை மூடிவிட்டார்கள் என்றன. மூடவில்லை, சேர்க்கை இல்லாததால் செயல்படவில்லை, பிள்ளைகள் வந்தால் திறப்போம் என்றது பள்ளிக் கல்வித் துறை. பிறப்பு விகிதம் குறைந்ததையும் மக்கள் இடம்பெயர்வதையும் காரணமாகச் சொன்னது.

காரணம் பொய்யல்ல. 2020-ம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண் ஒருவருக்குச் சராசரிக் குழந்தைப் பேறு 1.4தான். மக்கள்தொகை நிலையாக இருக்க 2.1 வேண்டும். தனியார் பள்ளிகளே 869 காலியாகியிருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பிறப்பு குறைந்தால் எல்லாப் பள்ளியும் ஒரே அளவில் இளைக்க வேண்டும். ஊர் முனைக்கு வேன் வருவதற்குப் பிறப்பு விகிதம் பதில் சொல்லாது. பள்ளி எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பார்த்தால்தான் விளங்கும்.

---
பெட்டி: ஒரு கணக்கு

தமிழக அரசுப் பள்ளிகள்: தொடக்கப் பள்ளி 24,310, நடுநிலைப் பள்ளி 7,024, உயர்நிலைப் பள்ளி 3,135, மேல்நிலைப் பள்ளி 3,110.

2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது அதில் வந்த அரசுப் பள்ளிகள் 31,008. ஒன்று முதல் ஐந்து வரை படித்த பிள்ளைகள் 15.75 லட்சம். வகுத்தால் பள்ளிக்கு 51 பேர், வகுப்புக்குப் பத்துப் பேர். மாநகராட்சிகளின் பெரிய பள்ளிகளையும் சேர்த்த சராசரி இது. கிராமத்துப் பள்ளிகளில் பல இதற்கும் வெகு கீழே.

---

ஓடு உடைந்தால் யாரிடம் போவது?

அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்துப் பள்ளியில் கூரை ஒழுகினால், ஆசிரியர் போதாவிட்டால், பிள்ளைகள் வாசிக்கத் திணறினால், பெற்றோர் போய்த் தட்டுவது ஒரே கதவை. அங்கே ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உண்டு. பெரும்பாலானவற்றில் ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கல்விக் குழு இருக்கும். அந்தக் குழுதான் கண்காணிப்பாளரை நியமிக்கிறது, வரவு செலவைப் பொதுக் கூட்டத்தில் வைக்கிறது. உள்ளூர்ச் சொத்து வரி முக்கிய வருமானம் என்பதால் பணக்கார ஊருக்குப் பணக்காரப் பள்ளி அமையும் என்ற பெரிய கோளாறு அதில் உண்டு. நாம் அந்தக் கோளாறை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. பொறுப்பாளி யார் என்பது மட்டும் அங்கே தெளிவு.

இங்கேயும் ஒரு காலத்தில் ஒன்றியம் அப்படி ஆகியிருக்கக் கூடும். 1958-ம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கையில் இருந்தன. காமராஜர் காலத்தில் ஊர் தோறும் பள்ளி திறந்த வேகமும், கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே மேசையும் நாற்காலியும் கரும்பலகையும் கொண்டு வந்து கொடுத்த ஆர்வமும் அந்தக் காலத்தவை. சம்பளம் நேரத்துக்கு வராது, ஒன்றியத் தலைவரின் மனம் கோணினால் இடமாற்றம் என்று ஆசிரியர்கள் பட்ட பாடும் அந்தக் காலத்ததே. 1981 ஜூன் 1 முதல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அவர்கள் தலை நிமிர்ந்த நாள் அது. அந்த முடிவு சரி.

ஆனால் ஆசிரியர் மட்டும் மாநிலத்திடம் போனார். கட்டடம் ஒன்றியத்திடமே நின்றது. இன்றைய நிலையைப் பாருங்கள். ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறைக்குப் பதில் சொல்கிறார். அவருடைய மேலதிகாரி வட்டாரக் கல்வி அலுவலர். கட்டடமும் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. ஓடு உடைந்தால் தலைமையாசிரியர் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு எழுத வேண்டும். மதியச் சத்துணவும் அங்கன்வாடியும் சமூக நலத் துறையிடம். காலை உணவைச் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழு. பயிற்சிக்கும் ஆய்வுக்கும் வட்டார வள மையம், அதற்குப் பணம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து. இருபது பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு இத்தனை வாசல். எந்த வாசலில் நின்றாலும் முழுப் பள்ளிக்கும் பொறுப்பேற்கும் ஒருவர் கிடைக்க மாட்டார்.

வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறாரே என்று கேட்கலாம். மாநிலம் முழுவதற்கும் அந்தப் பணியிடங்கள் 836. அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மட்டும் வகுத்தால் ஒருவருக்கு 37 பள்ளி வருகிறது. உதவி பெறும் பள்ளிகள் தனி. ஊதியப் பட்டியல், விடுப்பு, பணிப் பதிவேடு, வழக்கு, தேர்தல் பணி, நலத்திட்டப் பொருட்களை இறக்கி ஏற்றுவது எல்லாம் அவர் மேசையில். ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகள் படிப்பதைக் கேட்க அவருக்கு எத்தனை நாள் வாய்க்கும்?

அவருக்கு மேலே உள்ள அடுக்கும் நிலையாக இருக்கவில்லை. 2018-ல் அரசாணை 101 தொடக்கக் கல்விக்கென இருந்த மாவட்ட அலுவலர் பதவியைக் கலைத்தது. 2022-ல் அரசாணை 151 மறுபடி தனியாகப் பிரித்தது. நாலைந்து ஆண்டுக்குள் இரண்டு முறை கோப்புகள் வண்டியேறின.

2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 இன்னும் ஆழமாகத் தொட்டது. அதுவரை தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பணிமூப்பு ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்டது. இப்போது மாநில அளவில். பதவி உயர்வில் ஒன்றியத்துக்கு ஒன்றியம் இருந்த ஏற்றத்தாழ்வை இது நீக்கும் என்றது அரசு. பெண் ஆசிரியர்கள் பதவி உயர்வுக்காக வெகுதூரம் போக நேரும் என்று ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் போராடியது. என் பார்வையில் இழப்பு ஆசிரியருக்கு மட்டுமல்ல. ஒன்றியத்தை விட்டு வெளியே போனால் மூப்பு போகும் என்பதால் ஒரே வட்டாரத்தில் இருபது, முப்பது ஆண்டு வேரூன்றிய ஆசிரியர்கள் உண்டு. அம்மாவுக்கும் பாடம் நடத்தி மகளுக்கும் நடத்தியவர்கள். எந்த வீட்டில் அப்பா குடிக்கிறார், எந்தப் பிள்ளை செங்கல் சூளைக்குப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். பதவி உயர்வில் நியாயம் வேண்டும்தான். அதற்கு அந்த வேரை விலையாகக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

ஈராசிரியர் பள்ளியின் ஒரு நாள்

கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. காகிதத்தில் 30 பேருக்கு ஒருவர். பார்க்க நல்ல விகிதம். ஆனால் சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. 22 பிள்ளைகள் ஐந்து வகுப்பில் இருந்தால் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடங்களைப் பெருக்கிப் பாருங்கள். இரண்டு பேர் எடுக்க முடியாத பளு. ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பை ஒரே அறையில் உட்கார வைக்கிறார். மற்றவர் நான்கையும் ஐந்தையும். ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மற்ற வகுப்புப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள், அல்லது எழுதுவதுபோல இருப்பார்கள்.

இந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். மாணவர் வருகை, ஆசிரியர் வருகை, சத்துணவு எண்ணிக்கை, சீருடை அளவு, காலணி அளவு, உடல்நலப் பதிவு, கழிப்பறையின் நிலை என பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டியவற்றுக்கு முடிவில்லை. கற்பித்தல் அல்லாத பதிவு வேலையை எடுத்துவிடுங்கள் என்பது பல ஆண்டுகளாக ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் உள்ளது. அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகளும் 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் தருவதாக அறிவித்தது. நல்லதுதான். ஆனால் கைக்கணினி மூன்றாவது ஆசிரியர் ஆகாது.

ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால், ஓய்வு பெற்றால், பயிற்சிக்குப் போனால் பள்ளி அன்றே ஓராசிரியர் பள்ளி. பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்புவார்கள். அனுப்பிய பள்ளி ஓராசிரியர் பள்ளி ஆகும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் நடக்கும். கூடுதல் என்று கணக்கில் வந்தவர் பணி நிரவலில் வெளியே போவார். ஆசிரியர் போனதும் இன்னும் நாலு பெற்றோர் வேனைப் பார்ப்பார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் இறங்கியிருக்கும். இந்தச் சுழலில் சிக்கிய பள்ளி தானாக மீண்டு வருவது அரிது.

புதியவர்களும் வரவில்லை. இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனம் பல ஆண்டுகள் நின்றே போனது. 2,768 இடங்களுக்கான போட்டித் தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றுப் பத்தாண்டு காத்திருந்தவர்களுக்கு அதற்கு மேல் இன்னொரு தேர்வு. இதற்கிடையே, பணியில் உள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே விலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் வகுப்பை முடித்துவிட்டு வழிகாட்டி நூல் வாங்கிப் படிக்கும் நிலை.

---
பெட்டி: சின்னப் பள்ளிக்குப் பணம்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000 ரூபாய். சுண்ணாம்புக்கட்டி, பதிவேடு, சின்னப் பழுது, துப்புரவுப் பொருள் எல்லாம் இதற்குள்.

பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழக அரசு கையெழுத்திடாததால், இந்த ஒருங்கிணைந்த திட்டத்தில் 2024-25-ம் ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலான சண்டையில் முதலில் காய்ந்தது கடைக்கோடிப் பள்ளியின் செலவுக் கணக்கு.

---

வேன் ஏன் நிரம்புகிறது?

ஆங்கில மோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பெற்றோரின் கணக்கு அதைவிட நுட்பமானது. பிள்ளைக்கு மூன்று வயதாகிறது, இருவரும் வேலைக்குப் போக வேண்டும். ஒன்றியப் பள்ளியோ ஐந்து வயதில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும். தனியார் பள்ளியில் மூன்று வயதிலேயே எல்.கே.ஜி. இருக்கிறது, வேன் வாசலுக்கு வருகிறது. அங்கே போன பிள்ளை இரண்டு ஆண்டு கழித்து ஒன்றாம் வகுப்புக்காக இங்கே திரும்பி வருவது அபூர்வம். போட்டி நடப்பது ஒன்றாம் வகுப்பில் அல்ல. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அது முடிந்துவிடுகிறது.

அரசுக்கும் இது தெரியும். 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையே அங்கே அனுப்பினார்கள், எதிர்ப்பு எழுந்தது. 2022-ல் வகுப்புகளை நிறுத்துவதாகச் செய்தி வந்து, கண்டனத்துக்குப் பின் தொடரும் என்றார்கள். நிற்குமா தொடருமா என்று தெரியாத வகுப்பில் எந்தத் தாய் பிள்ளையைச் சேர்ப்பாள்? 24,310 தொடக்கப் பள்ளிகளுக்கு முன் 2,381 என்பது எந்த மூலைக்கு?

சட்டமே ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு கொடுக்கும். ஏழைப் பிள்ளைக்கு வாய்ப்பு என்ற நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஒன்றியப் பள்ளிக்கு வந்திருக்கக் கூடிய பிள்ளைகளை அரசுப் பணத்திலேயே எதிர்ப் பள்ளிக்கு அனுப்பும் ஏற்பாடாகவும் அது மாறிவிட்டது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான சலுகைகள் எங்கே தொடங்குகின்றன என்றும் பாருங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் எல்லாமே ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஐந்தாம் வகுப்பு வரை தனியாரில் படிக்க வைத்து, ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் ஒன்றும் குறையாது. தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த பெற்றோருக்கு அரசு தனியாக எதையும் தரவில்லை, காலை உணவைத் தவிர.

படிப்பு எப்படி இருக்கிறது?

இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். கிராமப்புறக் குழந்தைகளிடம் எடுக்கப்படும் ஏசர் ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த தமிழகத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் 10 விழுக்காடு அளவில் இருந்தனர். கொரோனாவுக்குப் பின் 2022-ல் அது 5-க்கும் கீழே இறங்கியது. 2024-ல் 12 விழுக்காடு. இந்தக் கணக்கில் அரசு, தனியார் இரண்டு வகைப் பிள்ளைகளும் உண்டு. வேனில் போன பிள்ளையும் வாசிக்கத் திணறுகிறது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

ஏறியதற்குக் காரணம் தேடினால் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பேசாமல் இருக்க முடியாது. பிள்ளைகளை வகுப்பை வைத்து அல்லாமல் கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை. பல வகுப்பு ஒரே அறையில் இருக்கும் சின்னப் பள்ளிக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் இணையவழி மதிப்பீடும் பதிவும் அதன்மேல் ஏறி ஆசிரியரின் நேரத்தைத் தின்றன. 12 என்பது கொண்டாட வேண்டிய எண்ணும் அல்ல. எட்டு வயதில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் சரளமாக வாசிக்கவில்லை என்பதே அதன் மறுபக்கம்.

---
பெட்டி: உங்கள் கையில் உள்ள அதிகாரம்

அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவர் பதவி ஒரு தாய்க்கு. 2024-ல் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், மானியச் செலவைக் கண்காணிப்பதும் இந்தக் குழுவின் சட்டப்படியான வேலை.

---

ஊர் நினைத்தால்

2019-ல் மாணவர் இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக மாற்றியது அன்றைய அரசு. அவற்றில் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில். பெயர்ப் பலகை மாறியதும் ஊர் கூடியது. பிள்ளைகளைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். சில நாட்களிலேயே நூலகம் மறுபடி பள்ளியானது.

2011-ல் ஈரோடு ஆட்சியர் ஆர்.ஆனந்தகுமார் தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். மற்றப் பெற்றோரோடு வரிசையில் நின்று சேர்த்ததையும், பிள்ளைக்குச் சத்துணவு கேட்டதையும் நாடே பேசியது. அதிகாரியின் பிள்ளை படிக்கும் பள்ளியில் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் யாரும் நினைவூட்டாமலே சரியாகும். அரசுச் சம்பளம் வாங்குவோர், பள்ளி ஆசிரியர்கள் உட்பட, தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்க்கிறார்கள் என்ற கேள்வியை ஊர்க்காரர்கள் எழுப்பும்போது அதற்குக் கோபப்படுவது பதிலாகாது.

ஊர் மட்டும் நினைத்தால் போதாது என்பதும் உண்மை. குளத்தூர் மக்கள் பிள்ளைகளைத் தந்தார்கள். ஆசிரியரைத் தர அவர்களால் முடியாது. ஓடு மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. மேலாண்மைக் குழுவின் தீர்மானம் செயலியில் ஏறுகிறது, அதன்பின் எந்தத் துறையின் எந்த மேசையில் இருக்கிறது என்று குழுத் தலைவிக்குச் சொல்ல ஆளில்லை. கேட்டுச் சொல்ல வேண்டிய ஊராட்சி உறுப்பினர்கள்? 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

செய்ய வேண்டியவை புதிரல்ல. எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது மூன்று ஆசிரியர். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் நிரந்தர ஆசிரியரோடு எல்.கே.ஜி., யு.கே.ஜி. பதிவு வேலைக்குக் குறுவள மையத்துக்கு ஓர் எழுத்தர். கட்டடம், உணவு, ஆசிரியர், பயிற்சி நான்கையும் ஒரே மேசையில் வைத்துக் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் ஒன்றிய அளவில் ஒரு கல்விக் குழு. அதில் மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்குப் பாதி இடம். இதில் பெரும் பணம் கேட்பது முதலிரண்டு மட்டுமே. அந்தப் பணத்தைச் செலவிட மனமில்லாத அரசு, எந்தக் கட்சியுடையதானாலும், பிறப்பு விகிதத்தைக் காட்டித் தப்பிக்கக் கூடாது.

மேலாண்மைக் குழுக் கூட்டம் மாதந்தோறும் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் பிள்ளை எங்கே படித்தாலும் சரி, அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று மூன்றைக் கேளுங்கள். நம் ஊர்ப் பள்ளியில் இன்று எத்தனை ஆசிரியர்? மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? மேலாண்மைக் குழு போட்ட தீர்மானங்களில் நிறைவேறியவை எவை? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.